பதினேழாம் எண் துணி

மூணு மணிக்கு மேல வாங்க என்றுதான் மனோரஞ்சிதம் சொல்லியிருந்தாள். அதனால்தான் சிவகுருநாதன் பதினோரு மணிக்கே வந்து ரேஸ்கோர்ஸ் பக்கத்து அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். மூன்றுக்கு முன்னால் ஏன் வரக்கூடாது? காலை பத்து மணி முதல் என்று வாசலில் பெரிதாகப் போட்டிருக்கிறது. மனைவியின் முதல் தனிக் கண்காட்சி, இருபத்தாறு வருஷம் கூடவே இருந்த புருஷன், அவனை மட்டும் மூன்று மணிக்கு மேல் வரச்சொன்னால் பத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் மாடியில் என்னவோ இருக்கிறது, அல்லது யாரோ இருக்கிறான். யாரோ என்பதுகூட இல்லை, பெயர் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது அவள் கொடியில் துணி போட்டபடி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா அந்தப் பக்கமே வரமாட்டார். நீங்க முன்னாடியே வந்து பாத்துருங்க." அவர் சத்தமில்லாமல் திரும்பிக் குளியலறைக்குள் போய், ஏற்கெனவே துவட்டின உடம்பில் இன்னும் நாலு குவளை தண்ணீர் ஊற்றிக்கொண்டார், குளித்துக்கொண்டிருக்கிற சத்தம் வெளியே கேட்கட்டும் என்று. அப்புறம் அவள் தோசைக்கல்லின் முன்னால் நின்ற நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தார். கடைசி அழைப்பு, பதினொரு நிமிஷம், ஹபீப் கண். கண். ஒரு ஆணின் பெயரை யார் அப்படிப் பதிந்து வைப்பார்கள்? ஹபீப் கடை என்று வைக்கலாம், ஹபீப் துணி, ஹபீப் சாயம். பெயருக்குப் பக்கத்தில் கண் என்று போட்டால் அது கண்ணு என்று கூப்பிடுகிறதன் சுருக்கம்தானே. அவரை அவள் ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. ஏனுங்க என்பாள், கோபம் வந்தால் அதுவும் கிடையாது, தட்டை ஒருவிதமாக வைப்பாள். அவள் போனில் தன் பெயர் என்னவென்று அப்போது பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை, தோசைத்திருப்பியின் சத்தம் நின்றுவிட்டது.

படிகள் பதினெட்டு. ஏறும்போது எண்ணினார், எண்ணினால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். மேலே கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, பசை நாற்றம், புதுப் பருத்தித்துணியின் கஞ்சி வாசம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து, "வாங்க சார், பேர் எழுதிட்டுப் போங்க" என்று நோட்டை நகர்த்தினாள். இவளுக்கு என்னைத் தெரியுமோ? தெரிந்தால் மேடம் வீட்டுக்காரர் என்று சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அவர் எஸ். நாதன் என்று எழுதினார், பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. மேலே ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன. ஹபீப் என்று எதுவுமில்லை, அல்லது அவனும் பாதிப் பெயர்தான் எழுதியிருப்பான். "மேடம் இல்லைங்களா?" என்று கேட்டார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "லைட்டுக்காரரைப் பார்க்கப் போயிருக்காங்க சார், வந்துருவாங்க." அவள் ஒரு தாளைக் கொடுத்தாள். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே நீளம், அகலம், பருத்தியா பட்டா என்று. அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளை. துணிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன அட்டைகளைப் பார்த்தார், அவற்றிலும் எண் மட்டும். நிறத்தின் பெயர் எங்கேயும் இல்லை. பள்ளிக்கூட மைதானத்திலும் கல்யாண மண்டபத்திலும் அவள் மேசை போட்டு விற்ற காலத்தில் ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு குத்தி, அரக்கு, இலைப்பச்சை, செங்கல், மாந்தளிர் என்று தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதி வைப்பாள். அந்தச் சீட்டுகளை நம்பித்தான் அவர் கூட நின்று வியாபாரமே பார்த்தார். இப்போது ஒரு சீட்டுகூட இல்லை. மறந்துவிட்டாளா? அவள் மறக்கிற ஆள் இல்லை. எடுத்திருக்கிறாள்.

எதற்காக எடுத்திருப்பாள் என்று நினைக்கப் போனால் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது, அந்த இடத்துக்கு அவர் போக விரும்பவில்லை. யாருக்கும் தெரியாது. அப்பாகூட அது தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார், பக்கம் முழுக்கப் புள்ளிகள், அரிசியும் துவரையும் கொட்டிக் கலந்தது போல. "என்ன நம்பர்?" என்றார். நம்பரா, எங்கே நம்பர்? அடுத்த பக்கம், அடுத்த பக்கம். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வீட்டில் வந்து உயரம் போதாதாம் என்று சொன்னார். அப்பா நம்பினார், அவரும் குட்டைதான். அன்றைக்கு ஆரம்பித்தது. சிவப்பு, பச்சை, காவி, பழுப்பு எல்லாம் அவருக்கு ஒரே சாக்குமூட்டையின் வெவ்வேறு மடிப்புகள், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காய்ந்தது. நீலம் மட்டும் கூர்மையாகத் தெரியும், மஞ்சளும். அதனால் யாராவது கேட்டால் நீலம் எனக்குப் பிடிக்கும் என்பார், அதில் மாட்டிக்கொள்ள வழியில்லை. மற்றதெல்லாம் தந்திரம். முதலில் வாயைத் திறக்கக் கூடாது. எதிராளி சொல்லட்டும், ஆமா என்றால் போதும். ரெண்டுமே நல்லாருக்கு என்றால் இன்னும் நல்லது. கல்லூரி நூலகத்தில் பையன்கள் வந்து, "சார், அந்தச் சிவப்பு அட்டை புத்தகம்" என்று கேட்பார்கள், பெயர் மறந்திருக்கும், அட்டை மட்டும் ஞாபகமிருக்கும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆசிரியர் பேர் சொல்லு, நூலகம்னா முறையாக் கேக்கணும்" என்று அதட்டுவார். கண்டிப்பானவர் என்று பெயர் வந்தது. முப்பது வருஷம் அந்தப் பெயருக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவருக்கு நிறம் கோக்கிறவளாகப் பார்த்து ஒரு பெண்டாட்டி அமைந்தாள், இத்தனை பேர் இருக்கிற உலகத்தில்.

கூடத்தின் இரண்டு பக்கமும் துணிகள் கூரையிலிருந்து தரைவரை இறங்கித் தொங்கின. சில வெறும் அச்சு, சில ஒட்டுத்துணி வேலை, சிலதில் நூலைத் தொங்கவிட்டிருந்தாள். காற்று பட்டு ஒன்றிரண்டு மெல்ல அசைந்தன, பின்னால் ஆள் நிற்கிற மாதிரி. அவர் ஒவ்வொன்றின் பின்னாலும் எட்டிப் பார்த்தார், பார்த்ததை ஏதோ தையலின் மறுபக்கம் பார்க்கிறவர் போல மாற்றிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் நீலம் இருந்தது, அப்பாடா என்று கொஞ்சநேரம் அதன்முன் நின்றார். நான்காவதில் ஒரு அம்மாளும் அவர் கூட வந்த இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் திரும்பி, "ஏனுங்க, இந்த ரெண்டுல எது உங்களுக்கு எடுப்பாத் தெரியுது? எங்களுக்குள்ள சண்டை" என்றார். எந்த ரெண்டு? எனக்குத் தெரிந்த மட்டில் அங்கே ஒரே துணி இரண்டு முறை தொங்குகிறது. "ரெண்டுமே நல்லாத்தாங்க இருக்கு" என்றார். அந்த அம்மாள் முகத்தில் ஏதோ ஓடினது. ஏமாற்றமா, சிரிப்பா? ஏன் இத்தனை பேரை விட்டு என்னிடம் கேட்க வேண்டும்? ரஞ்சிதம் சொல்லி வைத்திருப்பாளோ, கறுப்புக் கண்ணாடி ஃபிரேம், அரைக்கைச் சட்டை, அப்படி ஒருத்தர் வந்தால் கேட்டுப் பாருங்கள் என்று. அப்படிச் செய்கிறவளா? செய்யமாட்டாள். ஆனால் என்னிடம் சொல்லாமல் பதினொரு நிமிஷம் பேசுகிறவள் வேறு என்னவெல்லாம் செய்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஒரேயொரு முறைதான் பெரிதாக மாட்டினார். பெண் பார்த்துவிட்டு வந்த வாரம், அவள் விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அந்தக் காலத்தில் அது கொஞ்சம் துணிச்சல்தான். அம்மா யாரிடமோ பச்சைச் சேலை எவ்வளவு பாந்தமா இருந்துச்சு என்று சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, அந்தப் பச்சைச் சேலையில் உன்னைப் பார்த்த நிமிஷம் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிவிட்டார். பதில் வந்தது, இரண்டே வரி. நான் கட்டியிருந்தது அரக்கு. பச்சை கட்டிக்கொண்டு காப்பி கொண்டுவந்தது என் தங்கை கோமளவல்லி. இப்போதும் அந்த இரண்டு வரி கண்ணில் நிற்கிறது, மை நீலம் என்பதால் நன்றாகவே நிற்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு நிறம் தெரியாது, அம்மா சொன்னதைக் கேட்டு எழுதினேன் என்று ஒரு வரி. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம், கண்ணில் குறை என்று ஊரெல்லாம் போய்விடும். சரி தங்கையும் அழகாத்தான் இருந்தாள் என்று கேலியாக மழுப்பி எழுதினார். அவள் அதை மறக்கவே இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கோமளவல்லி வீட்டுக்கு வந்தால், உங்க பச்சைச் சேலை வந்திருக்குது என்பாள், சிரித்துக்கொண்டே. அவரும் சிரிப்பார். மச்சினிமேல் கண்வைத்தவன் என்ற பெயர், நிறம் தெரியாதவன் என்ற பெயரைவிடச் சுலபமாக இருந்தது. எப்படி அது சுலபமாக இருந்தது என்று இப்போது, இந்த ஏழாவது துணிக்கும் எட்டாவது துணிக்கும் நடுவில் நின்று யோசித்தால், சரியாகப் பிடிபடவில்லை.

கூடத்தின் கோடியில் ஒரு உள்ளறை. அதற்குள் போன இரண்டு பையன்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். "என்னடா அது, கண்ணு வலிக்குது" என்றான் ஒருவன். "எல்லாக் கலரையும் அள்ளிக் கொட்டிட்டாங்க" என்றான் மற்றவன். அவர்கள் போனதும் அறைக்குள் ஆள் இருப்பது தெரிந்தது. முதுகு மட்டும். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு துணியின் முன்னால் அசையாமல் நிற்கிறார். அந்த முதுகைப் பார்த்ததும் சிவகுருநாதனுக்குக் காது சூடானது. ஹபீப். முன்னாடியே வந்து பாத்துருங்க. வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வயது எழுபது இருக்கும் என்று முதுகே சொல்லியது, கொஞ்சம் கூன்கூட இருந்தது, சந்தேகம் அந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் தடுமாறியது, ஆனால் உடனே வேறு பக்கம் புரண்டு படுத்துக்கொண்டது. வயசானவன் என்றால் என்ன, இன்னும் மோசம், அவனிடம் இவள் என்னைப்பற்றி எல்லாம் சொல்லியிருப்பாள். சிலதை வாலிபனிடம் சொல்லமாட்டார்கள், கிழவனிடம் சொல்லுவார்கள். அவர் வாசலிலேயே நின்று ஒரு சாக்குக்காகத் தாளைப் பார்த்தார். எண் பதினேழு. பருத்தி, ஒட்டுத்துணி, ஆறரை அடிக்கு ஐந்தடி. பிறகு தலையைத் தூக்கி, அந்த ஜிப்பாவின் தோளுக்கு மேலாகத் துணியைப் பார்த்தார்.

நாற்காலி. முதலில் அந்தச் சொல்தான் வந்தது, பார்த்தோம் என்று தெரிவதற்கு முன்னாலேயே. தீப்பெட்டி அளவுத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் தைத்திருந்தாள். அதில் இருண்ட துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு மரநாற்காலியாக நின்றன, வெளுத்த துண்டுகள் அதன் முதுகில் ஒரு சட்டையாகத் தொங்கின. சட்டையின் ஒரு கை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. அவர் வீட்டு நாற்காலி. அவர் சட்டை. வேலை விட்டு வந்ததும் அதில்தான் மாட்டுவார், கொக்கி எதுக்கு அடிச்சு வெச்சிருக்குது என்று அவள் தினமும் கேட்பாள். இதில் என்ன கண் வலிக்கிறது? இந்தக் கூடத்திலேயே வலிக்காத ஒன்று இதுதான். மற்றதெல்லாம் அவருக்கு ஈரச்சாக்கும் காய்ந்த சாக்கும், இது மட்டும் எழுத்து மாதிரி தெரிகிறது. ஒரு மூச்சு சும்மா நின்று பார்த்தார், சந்தேகம்கூட இல்லாமல். பிறகு அது வந்தது, படியேறி வருகிற ஆளைப் போல ஒவ்வொரு அடியாக. அந்தப் பையன்களுக்கு நாற்காலி தெரியவில்லை. எல்லாக் கலரையும் அள்ளிக் கொட்டிய மாதிரிதான் தெரிந்திருக்கிறது. அவர்கள் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் மாறி மாறி அடித்து உருவத்தை மறைக்கிறது. எனக்கு அந்த அடியே கிடையாது, அதனால் உருவம் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒருத்தி உட்கார்ந்து தைத்திருக்கிறாள். அப்படியென்றால் தெரியும். அவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து? நேற்றா, போன வருஷமா, பத்து வருஷமா? பத்து வருஷமென்றால் பத்து வருஷமாக நான் ரெண்டுமே நல்லாருக்கு என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தீபாவளித் துணிக்கடையில். பிரிண்ட் போட்ட துணியை வெயிலில் விரித்து எப்படீங்க என்று கேட்ட ஒவ்வொரு மத்தியானமும். நான் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, ஏதோ அளந்து பார்க்கிறவன் மாதிரி செய்த அந்த நாடகம் முழுவதையும் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் வேறு ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பதே இதற்குத் தேவலை என்று தோன்றியது.

ஜிப்பாக்காரர் திரும்பினார். நரைத்த தாடி, சின்னக் கண்கள். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா இதுல?" என்று கேட்டார். சோதனை. டாக்டரின் குரல் மாதிரியே இருந்தது. சிவகுருநாதனின் வாய் அவரைக் கேட்காமலேயே திறந்தது. "கலரெல்லாம் நல்லாச் சேர்த்திருக்காங்க" என்றது. பெரியவர் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன் நாப்பது வருசம்" என்றார். "உக்கடத்துல நூல் கடைங்க எனக்கு. எங்கிட்ட வந்து கலர் கேட்டா நம்பர் சொல்லுன்னு சத்தம் போடுவேன். பாய் ரொம்ப கறார்னு பேரு. உங்க வீட்டம்மா ஒருநாள் கடையில நின்னு என்னையே பாத்துட்டிருந்தாங்க, அப்பறம் மெதுவாக் கேட்டாங்க, பாய், உங்களுக்குக் கலர் தெரியாதான்னு. என் சம்சாரத்துக்கே தெரியாதுங்க அது." அவர் சிரித்தார், வெட்கப்பட்ட மாதிரியும் இல்லை. "ஒரு துணி தைக்கோணும், உங்க கண்ணு வேணும்னாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை கடைக்குத் துண்டு எல்லாம் கொண்டு வருவாங்க. எது கறுக்குது, எது வெளுக்குதுன்னு பிரிச்சுக் குடுப்பேன். அவ்வளவுதான் நம்ம வேலை." என்னை எப்படித் தெரியும் என்று சிவகுருநாதன் கேட்கவில்லை. துணியில் தொங்குகிற சட்டையின் தோள் அளவே போதும் போலிருந்தது. என்னைப்பற்றி என்ன சொன்னாள், எந்தச் சிரிப்போடு சொன்னாள் என்றுதான் கேட்கத் தோன்றியது. அதற்குள் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஜும்மாத் தொழுகைக்கு நேரமாச்சுங்க" என்று அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு கூடத்தைக் கடந்து போனார்.

தனியாக நின்றார். நாற்காலி அப்படியே இருந்தது. கோபப்பட வேண்டும் என்று முடிவு செய்து அதற்கான சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார், ஊரைக் கூட்டி என் மானத்தைத் தொங்கவிட்டிருக்கிறாய் என்று ஆரம்பிக்கலாம், ஆனால் ஊருக்கு அது தெரியவில்லையே, தொங்கவிட்டதைப் பார்க்கக்கூடியவர்கள் இதுவரை இரண்டே பேர்தானே என்று அந்த வாக்கியம் பாதியில் நின்றது. அப்போது வாசலில் வளையல் சத்தம். ரஞ்சிதம் ஒரு கையில் பல்பு டப்பாவோடு உள்ளே வந்தவள், அவரைக் கண்டதும் நின்றாள். டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"மூணு மணிக்குத்தான வரச் சொன்னேன்."

"ஏன் மூணு?"

"இந்த லைட்டு சரியில்லைங்க. மஞ்சளா அடிக்குது. அந்த ஜன்னல்ல மூணு மணிக்கு மேல வெளிச்சம் வரும், அப்ப பாத்தாத்தான் நல்லாத் தெரியும்னு பாய் சொன்னார். அதுக்குத்தான்."

அவ்வளவு சாதாரணமான காரணமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அதனாலேயே நம்ப முடியவில்லை. அவள் முகத்தில் எங்கேயாவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். இல்லை. பயந்திருந்தாள்.

"எப்பிருந்து தெரியும்?"

"ரெண்டாவது வருசம்." கேட்ட உடனே சொன்னாள், இத்தனை காலமும் நாக்கு நுனியில் வைத்திருந்தவள் போல. "சிவப்பு நூல்கண்டு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். பச்சையைக் கொண்டுவந்து குடுத்தீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. "லேபிள் கிழிஞ்சிருந்துது அதுல."

"நாந்தான் கிழிச்சேன்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். இருபத்து நான்கு வருஷம் என்று அவர் கணக்குப் போட்டார், பத்து இல்லை. இவளும் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறாள், நான் அவள் போனைப் பார்த்தது போல. "கிழிச்சு வெச்சு சோதனை பண்ணினயா? அப்பறம் ஏன் கேக்கல? வேடிக்கை பார்த்துட்டு இருந்தியா?"

"மொதல்ல, நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். "அப்பறம் கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டேன். அப்பறம் கோவமாயிருச்சு. இவ்வளவு நாள் சொல்லாத மனுசன்கிட்ட நான் எதுக்குக் கேக்கோணும்னு." அவள் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள், அவரைப் பார்க்கவில்லை. "நூல்கண்டு அப்பறம்ங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் இருக்குதே, அது உங்களுக்குத் தெரியுமா? கோமளம் வீட்டுக்கு வந்தா, நான் அவளப் பாக்கமாட்டேன், உங்க கண்ணு எங்க போகுதுன்னே பாத்துட்டிருப்பேன். அவ மொதக் கொழந்தைக்கு நான் போகல, ஜொரம்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். எங்கூடப் பொறந்தவ. நான் உன் தங்கச்சியப் பாக்கல ரஞ்சின்னு ஒரு வார்த்தை சொல்லல. நீங்க சிரிச்சுட்டிருந்தீங்க."

உங்க பச்சைச் சேலை வந்திருக்குது. அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள் என்றே அவர் நினைத்திருந்தார். அந்த முகத்தை இப்போது ஞாபகத்தில் கொண்டுவந்து பார்த்தார், சிரிப்பா அது? அவருக்கு நிறம் மட்டும்தான் தெரியாது என்று இத்தனை நாள் இருந்துவிட்டார். "நான் பாக்கல ரஞ்சி" என்றார். சொல்லிவிட்டு, தாமதமாக வந்த சொல் எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று அவர் காதுக்கே தெரிந்தது. "எனக்கு அன்னைக்கு நீ யாரு அவ யாருன்னே சரியாத் தெரியல. சேலை கலர் எங்கம்மா சொன்னது."

"அது நூல்கண்டு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "இது சரியா வந்திருக்குதுங்களா?" என்று துணியைக் காட்டினாள். "எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. பாக்கப் பாக்கத் தலையச் சுத்துது. கட்டத்தாள்ல போட்டு வெச்சு, அதப் பாத்துப் பாத்து எண்ணித்தான் தெச்சேன். எட்டு மாசம். பாய் நல்லாருக்குன்னார். நீங்க சொல்லோணும்."

ஒன்றுமே தெரியாதா? தைத்தவளுக்கே தெரியாதா? அவருக்குள் அது இன்னும் ஓயவில்லை. இதுவும் ஒரு லேபிள் கிழித்த வேலையாக இருந்தால்? "சட்டைக் காலர் எங்க இருக்குது? கைய வெய் பாக்கலாம்" என்றார். அவள் கிட்டே போனாள். கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள், உதடு ஏதோ எண்ணியது. கையைத் தூக்கி, தயங்கி, கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தி, ஒரு இடத்தில் வைத்துவிட்டு அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், சரியா என்று அங்கேயே படித்துக்கொள்ளலாம் என்பது போல. காலர் அங்கே இல்லை. ஒரு முழம் தள்ளி இருந்தது. அவருக்கு அந்தப் பார்வையைத் தெரியும். துணிக்கடைகளில், வெயிலில் விரித்த துணிகளின் முன்னால், இந்தப் பார்வையைத்தான் அவர் அவள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். இதை அவள் இருபத்து நான்கு வருஷம் வாங்கிக்கொண்டு, ஒரு தடவைகூட அது இல்லீங்க, தள்ளி இருக்குது என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். அது இரக்கமா, பழிவாங்கலா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரியாத்தான் இருக்குது என்று சொல்ல வாய் தயாராக வந்தது. வழக்கமான இடத்தில் வழக்கமான சொல். அதை அப்படியே நிறுத்தினார்.

"அங்க இல்ல" என்றார். "இன்னும் வலது பக்கம். மேல. அதுதான்."

அவள் கை அந்த இடத்தில் நின்றது.

"நாற்காலி நல்லா வந்திருக்குது. சட்டையும்." அவர் இரண்டடி பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார். முதல் பார்வையிலேயே ஒன்று உறுத்தியிருந்தது, கோபத்தில் அதைத் தள்ளி வைத்திருந்தார். "பின்னங்கால் ஒண்ணு சரியில்ல. நடுவுல ரெண்டு துண்டு வெளுத்தது விழுந்திருக்குது. கால் அறுந்து தொங்கற மாதிரி இருக்குது."

"பாய் சொல்லலையே."

"அவர் மரியாதைக்கு விட்டிருப்பார்."

ரஞ்சிதம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன வருகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை, கோபமாகக்கூட இருக்கலாம். எட்டு மாச வேலை. பிறகு அவள் வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

"எதுன்னு குத்திக் காட்டுங்க. எனக்குத் தெரியாதுல்ல."

அவர் குனிந்து, முட்டியில் கைவைத்து உட்கார்ந்து, அந்த வெளுத்த துண்டின் ஓரத்தில் ஊக்கைக் குத்தினார். அதற்குக் கீழே இன்னொன்று. கையை நீட்டினார், அடுத்த ஊக்கு வந்தது. தாளோடு உள்ளே எட்டிப் பார்த்த அந்த நாலாம் எண் அம்மாள், வேலை நடக்கிறது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

"அவ்வளவுதானுங்களா?"

அவர் எழவில்லை. துணியை அடியிலிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டு போனார்.

"இல்ல" என்றார். "சட்டைக் கையில மூணு இருக்குது."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.